செம்மணல்விளையில் குளிர்

செம்மணல்விளைக்காரர்களிடம் உங்கள் ஊரில் எப்போது குளிரும் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மார்கழியில வந்து பாருங்க, பல்லு கிட்டிப் போயிரும்" என்பார்கள். நம்பி வந்தவன் கெட்டான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் தேரி என்கிற செம்மணல் மேடு, நடுவில் இட்லிக் கொப்பரைக்குள் வைத்த மாதிரி ஊர். சித்திரையில் கொதிக்கும். ஆடியில் மண்ணை வாரி அடித்துக்கொண்டு கொதிக்கும். ஐப்பசியில் மழை பெய்யும், பெய்த கையோடு புழுங்கும். மார்கழியில் விடியற்காலை மட்டும் கொஞ்சம் இறங்கும். அதைத்தான் குளிர் என்று சொல்லி ஊரே பெருமைப்பட்டுக்கொள்ளும்.

அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் ஆறுமுகநயினார் குளிருக்காகக் காத்திருந்தார். கேட்டால் சிரிப்பு வரும். அவர் கதை தெரிந்தால் வராது.

மேல்மலையில் தேயிலைத் தோட்டத்து ஃபாக்டரியில் வேலை பார்த்தவர் அவர். மீசை அரும்பும் வயதில் மலை ஏறினார், அறுபது தாண்டி இறங்கினார். இறங்கினார் என்ன, இறக்கிவிட்டார்கள். மனைவி ஆவுடைத்தங்கம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அவருக்கு மூச்சிழுப்பு முற்றிவிட்டது. "இனிமேல் குளிர் ஆகாது. மறுபடி மலை ஏறினால் நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பிள்ளைகுட்டி கிடையாது. தங்கச்சி மகன்தான் கூட்டிவந்து செம்மணல்விளை மடத்தில் விட்டான்.

"இங்க வருசம் முழுக்க ஒரே சூடுதான் மாமா. உங்க நெஞ்சுக்கு ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான், பாவம்.

நயினார் கொண்டுவந்த பையில் நாலு வேட்டியும் ஒரு தெர்மாமீட்டரும் இருந்தன. ஃபாக்டரிச் சுவரில் தொங்கியது அது. வேலையை விட்டு வரும்போது கேட்டு வாங்கி வந்திருந்தார். மடத்துச் சுவரில் ஆணி அடித்து அதை மாட்டினார். காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, அதைப் பார்ப்பார்.

மடத்தில் சமையல் செய்யும் பூரணம் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, செவத்துக்குக் காய்ச்சலா?"

"ஒன் சோலியப் பாரு."

"மாத்திரை குடுக்கணும்னா சொல்லுங்க. அரைச்சுப் பூசிருவோம்."

மடத்தை நடத்தியவர் வடிவம்மை. நாற்பது வயது இருக்கும், நயினாருக்கு மகள் வயது. காவி கட்டுவதில்லை, சாதாரண நூல் சேலைதான். பேச்சும் அளவுதான். நயினார் அவரை 'அம்மா' என்று கூப்பிட்டார். அவர் நயினாரை 'ஐயா' என்று கூப்பிட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் குரு, யார் சீடர் என்று குழப்பமாக இருக்கும்.

வந்த ஒரு வாரத்தில் நயினார் தன் முதல் கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, இந்த ஊர்ல எப்பத்தான் குளிரும்?"

வடிவம்மை முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ஐயா, வாசல்ல காலு கழுவிவிடுற வேலைக்கு ஆள் இல்ல. நாளையில இருந்து நீங்க பாத்துக்கிடுங்க."

கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று நயினாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் குரு சொல்லிவிட்டார். தட்ட முடியுமா?

அது அந்த மடத்து வழக்கம். வாசலை ஒட்டிக் கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு கருங்கல். மடத்துக்குள் யார் வந்தாலும், பண்ணையாரானாலும் பனையேறியானாலும், அந்தக் கல்லில் உட்கார வேண்டும். சீடர் தண்ணீர் இறைத்து, கீழே குந்தி, கையால் தேய்த்துக் கழுவி, துண்டால் துடைத்து உள்ளே அனுப்புவார்.

நயினார் குந்தவில்லை. நின்றுகொண்டே செம்பால் ஊற்றினார். வந்தவர்கள் தாங்களே ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டு போனார்கள்.

"செடிக்குத் தண்ணி ஊத்துத மாதிரில்லா ஊத்துதிய" என்றாள் பூரணம்.

"முட்டுவலி. குந்த முடியல."

"நேத்து உளுந்து பொறுக்க ஒரு மணி நேரம் குந்தியிருந்தியளே?"

நயினார் காதில் விழாத மாதிரி வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார்.

முட்டுவலியெல்லாம் சும்மா. அவரால் ஒரு காலையும் தொட முடியவில்லை, அதுதான் விஷயம். அவர் கடைசியாகத் தொட்டது ஆவுடையின் காலை. இரண்டு பெருவிரலையும் சேர்த்துத் துணியால் கட்டச் சொன்னார்கள். கட்டினார். அந்தச் சில்லிப்பு கையிலேயே தங்கிவிட்டது.

அப்படிப்பட்டவர் எதற்குக் குளிரைத் தேடினார் என்று கேட்கலாம். ஆவுடையின் காலில் அதற்கு முன்னால் வேறொரு குளிர் இருந்தது. அதற்காகத்தான்.

மலையில் ராத்திரிச் சோறு முடிந்ததும் அவள் பாத்திரங்களை வெளியே கொண்டுபோய்க் கழுவுவாள். பனிக்கட்டி மாதிரித் தண்ணீர். கழுவிவிட்டு ஓடிவந்து கம்பளிக்குள் புகுந்து, இரண்டு பாதத்தையும் கொண்டுவந்து நயினாருடைய ஆடுசதையில் ஒட்டுவாள். அவர் துள்ளிப் போவார். "சவத்து மூதி, எடு காலை!" என்று லயன் வீடுகள் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்துவார். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வாள். தினமும் அதே பேச்சுத்தான். சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் கால் சூடாகும், அவளும் தூங்கிப்போவாள். இவர் காலை இழுத்துக்கொள்ளவே மாட்டார். கத்துவது மட்டும்தான்.

செம்மணல்விளைக்கு வந்த பிறகு கம்பளியும் இல்லை, அந்தக் கத்தலும் இல்லை. வெறும் தரையில் துண்டை விரித்துப் படுத்தால் முதுகு வேர்த்து ஒழுகும். அந்த வேர்வைக்குள் ஆவுடையை எப்படி நினைப்பது? ஒரே ஒரு நாள், மலை மாதிரி ஒரே ஒரு நாள் குளிர்ந்தால் போதும், அவள் வந்துவிடுவாள் என்று அவருக்குத் தோன்றியது. அதனால்தான் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை வந்தது. வெயிலில் நடந்து வந்தவர்கள் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். இவர் நின்றபடி ஊற்றினார்.

"ஆகா, ஐஸ் மாதிரில்லா இருக்கு! நல்லா இருப்பீங்க அண்ணாச்சி!"

ஐஸா என்று நயினார் ஓடிப்போய்த் தெர்மாமீட்டரை எடுத்துவந்து வாளிக்குள் விட்டார். இருபத்தெட்டு.

"இருபத்தெட்டு டிகிரியெல்லாம் ஒரு ஜில்லா? மலையில இந்தச் சூட்டுல தண்ணி வந்தா குழந்தையக் குளிப்பாட்டிருவோம்" என்று அலுத்துக்கொண்டார்.

"எங்களுக்கு இதான் அண்ணாச்சி ஜில்லு. இருக்கதை வச்சுத்தான குளிரணும்" என்றாள் பூரணம்.

ஆடிக்காற்று அடித்து ஓய்ந்தது. ஐப்பசியில் மழை கொட்டியது. நயினார் இரண்டு நாள் தெர்மாமீட்டரை விட்டு நகரவில்லை. சிவப்புக்கோடு கொஞ்சம் இறங்கிற்று, மழை விட்டதும் பழையபடி ஏறிக்கொண்டது. ஈரப் புழுக்கத்தில் ஊர் முழுக்க அவித்த கிழங்கு மாதிரி வெந்தது.

அந்தப் புழுக்கத்தில் ஒரு மத்தியானம் அவர் படுத்திருந்தார். ஆவுடை சிரித்துக்கொண்டே சொல்வாளே, அதை மனதுக்குள் சொல்லிப் பார்க்க வாயெடுத்தார். வரவில்லை. கால் ஞாபகம் இருந்தது, கத்தினது ஞாபகம் இருந்தது. அவள் சொன்னது மட்டும் இல்லை. எழுந்து உட்கார்ந்தார். ராத்திரிக்கு ராத்திரி கேட்ட பேச்சு, ஒரு ஆயுசு முழுக்கக் கேட்டது, அது எப்படிப் போகும்? முகத்தைக் கழுவினார், நடந்து பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். போனது போனதுதான்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஆவுடை செத்த அன்றைக்குக்கூட இப்படி அழவில்லை.

நேரே வடிவம்மையிடம் போனார்.

"அம்மா, நான் மலைக்குப் போறேன்."

"டாக்டர் கூடாதுன்னாரே?"

"கூடாதுன்னுதான் சொன்னாரு."

"போனா?"

"மூச்சு நிக்கும். தெரியும்மா. ஆனா அவ சொல்லு எனக்கு மறந்து போச்சு. இந்தச் சூட்டுல வெந்து எல்லாம் ஒண்ணொண்ணா மறக்குது. இன்னைக்குச் சொல்லு, நாளைக்கு முகம். முகமும் போன பிறகு நான் மூச்சு விட்டு என்னத்துக்கு? மேல போயி ஒரு ராத்திரி குளிர்ல படுத்தாப் போதும், கேட்டுரும். கேட்ட பிறகு என்னமும் ஆகட்டும்."

வடிவம்மை போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை.

"மார்கழி முழுக்கப் பஜனைக்காரங்க வருவாங்க. காலு கழுவ ஆள் வேணும். திருவாதிரை வரைக்கும் இருந்துட்டுப் போங்களேன்."

"அப்புறம் தடுக்க மாட்டீங்களே?"

"நானே பஸ் ஏத்தி விடுதேன்."

மார்கழி பிறந்தது. செம்மணல்விளையின் பெருமை ஆரம்பமாயிற்று. அதிகாலையில் ஊரில் பாதிப் பேர் குல்லாயும் மப்ளருமாக வெளியே வந்தார்கள். கையைத் தேய்த்துக்கொண்டார்கள். "ஏயப்பா, என்னா குளிரு!" என்று ஒருவரை ஒருவர் விசாரித்தார்கள். நயினார் வெறும் மேலோடு நின்று தெர்மாமீட்டரைப் பார்த்தார். இருபத்துமூன்று.

"இதுக்கா குல்லா? மலையில இதுக்கு சன்னலைத் திறந்துல்லா வைப்போம்."

"எங்க குளிரைக் குறை சொல்லாதிய அண்ணாச்சி, வருசத்துக்கு ஒருக்காத்தான் வருது" என்று பூரணம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பஜனைக்காரர்கள் செருப்பில்லாமல் ஊரைச் சுற்றுவார்கள். தேரி மண்ணில் பனி இறங்கிக் கிடக்கும், பள்ளங்களில் மழைத் தண்ணீர் நிற்கும். எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு, பாடிக்கொண்டு, விடியும் நேரத்தில் மடத்துக்கு வந்து சேர்வார்கள். வடிவம்மையும் அவர்களோடு நடப்பார். ஆனால் அவர் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். மற்றவர்கள் வரிசையாகக் கல்லில் உட்காருவார்கள். நயினார் நின்றபடி ஊற்றுவார்.

ஊற்றின முதல் நாளே ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, வெதுவெதுன்னு என்னா சொகமா இருக்கு!" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார்.

நயினாருக்குச் சுருக்கென்றது. நேரே அடுப்படிக்குப் போனார்.

"பூரணம், வெந்நி கலந்தியா?"

"எதுல?"

"காலு கழுவுத தண்ணியில. மார்கழி வந்துட்டா போதும், ஊரே நடிக்குது. அதுக்கு நீ வெறகை வேற அழிக்கியா?"

"அண்ணாச்சி, நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கல. வந்து சாம்பலைத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். ஆறிக் கிடந்தது. இருந்தாலும் விடவில்லை, வடிவம்மையிடம் புகார் கொண்டுபோனார். அம்மை அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிவந்தார்.

"இறைங்க ஐயா."

இறைத்தார்.

"உங்க குச்சியைப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். இருபத்தெட்டு.

"சித்திரையில எவ்வளவு இருந்துச்சு?"

நயினார் விழித்தார். "இதேதான்."

"ம்."

"அப்போ ஐஸுன்னாங்க. இப்போ வெதுவெதுங்காங்க. தண்ணி மாறலியே, பின்ன எப்படிம்மா?"

"தண்ணியைத்தான பாத்தீங்க? காலைத் தொட்டுப் பாத்தாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

நயினார் அங்கேயே நின்றார். தொட்டுப் பார்க்கவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. திருவாதிரை வரை தினமும் கால்கள் வந்தன, இவர் நின்றபடி ஊற்றினார், அவை போயின.

திருவாதிரை அன்று அவர் முன்னதாகவே எழுந்து பையைக் கட்டிவிட்டார். நாலு வேட்டி. சுவரிலிருந்து தெர்மாமீட்டரைக் கழற்றித் துண்டில் சுற்றி அவற்றுக்கு நடுவில் வைத்தார். விடிந்ததும் முதல் பஸ். மத்தியானம் அடிவாரம், சாயந்திரம் மேலே. ராத்திரிக்குக் குளிர். பூரணம் புளியோதரை கட்டிக் கொடுத்தாள். கொடுத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

"போயிட்டுத் திரும்ப வரணும் அண்ணாச்சி."

"பாப்போம்."

"பாப்போம்னு சொல்லாதிய. வாரேன்னு சொல்லுங்க."

அவர் பையை வாசலில் வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை வாளியை இறக்கினார்.

பாட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டது. எல்லாரும் வந்தார்கள். அன்றைக்கு வடிவம்மை பின்வாசலுக்குப் போகவில்லை. முன்னால் வந்து கல்லில் உட்கார்ந்தார். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள்.

நயினார் செம்பில் தண்ணீரை மொண்டு தூக்கினார்.

"ஊத்தாதீங்க ஐயா. கையால கழுவுங்க."

"அம்மா, எனக்கு முட்டு..."

வடிவம்மை சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒதுக்கிக்கொண்டு, செம்மண் அப்பிய இரண்டு பாதத்தையும் நீட்டியபடி இருந்தார். நயினார் நின்றார். பாட்டு நின்றுவிட்டது. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. குருவின் காலை எவ்வளவு நேரம் அப்படியே நீட்டி வைத்திருப்பது? செம்பைக் கீழே வைத்தார். குந்தினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அந்தப் பாதங்களைப் பிடித்தார்.

சில்லென்றிருந்தது.

இருபத்துமூன்று டிகிரியில், செம்மணல்விளையில், அந்தக் கால் மலைத்தண்ணீரில் நின்று வந்த கால் மாதிரிச் சில்லென்றிருந்தது. முதலில் அவருக்குப் பயம்தான் வந்தது. கட்டுத்துணி ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிடப் பார்த்தார். அதற்குள் பாதத்தில் ஒரு விரல் லேசாக அசைந்தது. உயிருள்ள கால் அது. அவர் கை எடுக்கவில்லை. பிடித்தே இருந்தார். பிடிக்கப் பிடிக்க உள்ளங்கைக்குள் அது மெல்லச் சூடாகிற்று.

"கத்தாதிய. அடுப்பத்தான் அணைச்சாச்சுல்லா, வேற எங்க போவேன்?"

கேட்டுவிட்டது. ஆவுடை சிரித்துக்கொண்டே சொல்வது அதைத்தான். ஒரு எழுத்துக் குறையாமல், அதே இழுப்போடு, காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நயினார் அந்தக் காலிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வாசல் முழுக்க ஆள் நிற்கிறதே என்று பார்க்கவில்லை.

யாரும் அவரைத் தேற்றவில்லை. பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்துப் பார்த்தது. போய்விட்டது. பூரணம் ஓசைப்படாமல் பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள்.

வெகுநேரம் கழித்து நயினார் தலையை நிமிர்த்தினார். கிணற்றுத் தண்ணீரை மொண்டு, மெதுவாக ஊற்றி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து அந்தக் கால்களைக் கழுவினார். துண்டை எடுத்துத் துடைத்தார். பின்னால் மார்கழிப் பனியை மிதித்து வந்த கால்கள் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்தார்.

"அம்மா, இந்த ஊருக்குக் குளிர் எப்ப வந்துச்சு?"

வடிவம்மை கல்லிலிருந்து எழுந்து அடுத்தவருக்கு இடம் விட்டார்.

"தெனமும் இந்த வாசல் வரைக்கும் வந்துச்சு ஐயா. நீங்கதான் நின்ன வாக்குல தண்ணியை ஊத்தி அனுப்பிட்டு இருந்தீங்க."